படகு வீட்டுக்கு எந்த சிம்?

ஒரு சின்னக் கற்பனை செய்யலாமா?

காலையில் கண் விழிக்கிறீர்கள். ஜன்னலைத் திறந்தால் தெருவைக் காணோம், தண்ணீர்தான் தெரிகிறது! இரண்டு வாத்துகள் உங்களை எட்டிப் பார்க்கின்றன. நேற்று எதிரே இருந்த கடைத்தெருவும் இல்லை. அங்கே இப்போது ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்கின்றன. ஊர் எங்கேயும் போகவில்லை. உங்கள் வீடுதான் நேற்று மாலை பத்து கிலோமீட்டர் நகர்ந்து வந்துவிட்டது!

ஜாலியாக இருக்கிறது அல்லவா? கொஞ்சம் பொறுங்கள். பத்து மணிக்கு அம்மா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அலுவலகக் கூட்டத்தில் பேச வேண்டும். நீங்களும் வீட்டுப்பாடத்தை இன்றே பள்ளிக்கு அனுப்ப வேண்டும். மொபைலை எடுத்துப் பார்த்தால் சிக்னல் சுத்தமாக இல்லை!

இங்கிலாந்தில் கால்வாய்ப் படகுகளையே வீடாக்கி வாழும் ஆயிரக்கணக்கானோர் சந்திக்கும் பிரச்னை இது. இன்று உங்களுக்கு ஒரு பதவி தருகிறேன். நீங்கள்தான் அந்தப் படகின் தகவல் தொடர்பு மந்திரி! எந்த நிறுவனத்தின் இணையத்தை வாங்கலாம் என்று முடிவு செய்யப் போவது நீங்கள்தான்.

நிலக்கரி வந்த வழி

முதலில் அந்தக் கால்வாய்களைப் பார்த்துவிடுவோம். 1761இல் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் திறக்கப்பட்டது. சுரங்கத்திலிருந்து மான்செஸ்டர் நகருக்கு நிலக்கரி கொண்டுபோக அதை வெட்டினார்கள். பிறகு நாடு முழுவதும் கால்வாய்கள் பெருகின. கரையோரப் பாதையில் குதிரை நடக்கும்; அது இழுக்கும் கயிற்றில் படகு மிதந்து வரும்.

ரயில் வந்ததும் போட்டி அதிகமானது. செலவைக் குறைக்க, பல படகோட்டிகள் குடும்பத்தையே படகில் ஏற்றிக்கொண்டார்கள். படகின் பின்பக்கம் ஒரு குட்டி அறை. சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதற்குள்தான்! பாவம், அந்தக் குழந்தைகள். இன்று ஓர் ஊர், நாளை வேறு ஊர் என்றால் எந்தப் பள்ளியில் சேர்வது? பலர் எழுதப் படிக்கத் தெரியாமலேயே வளர்ந்தார்கள். ஜார்ஜ் ஸ்மித் என்பவர் இவர்களுக்காகப் போராடினார். அதன் பலனாக 1877இல் கால்வாய்ப் படகுச் சட்டம் வந்தது.

அந்தக் குழந்தைகளிடமிருந்து பாடத்தைப் பிரித்தது ஊர் ஊராக நகர்ந்த வாழ்க்கை. இன்றைக்கு நகர்ந்துகொண்டே படிக்கவும் வேலை பார்க்கவும் இணையம் கை கொடுக்கிறது. அதனால்தான் உங்கள் மந்திரி பதவி முக்கியமானது!

14 நாள் விதி

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 3,200 கிலோமீட்டர் நீர்வழிகளை 'கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்' என்ற அறக்கட்டளை 2012 முதல் பராமரித்து வருகிறது. சில படகுகளுக்கு நிரந்தரமாக நிறுத்த ஓர் இடம் இருக்கும். அப்படி இடம் இல்லாத படகு, ஒரே இடத்தில் தொடர்ந்து 14 நாட்களுக்கு மேல் நிற்கக்கூடாது. இது 1995ஆம் ஆண்டுச் சட்டம்.

ஆக, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது வீடு நகர்ந்தாக வேண்டும். வேகம்? மணிக்கு 6 கிலோமீட்டர் சொச்சம்தான். வேகமாக நடப்பவர் படகை முந்திவிடுவார்!

நகரும் வீட்டுக்குப் பூமிக்கடியில் கேபிள் போட்டு இணையம் தர முடியாது. அதனால் மொபைல் கோபுரங்களைத்தான் நம்ப வேண்டும்.

முதல் எதிரி: இரும்புச் சுவர்

இந்தப் படகுகளை 'நேரோபோட்' என்பார்கள். அகலம் சுமார் இரண்டு மீட்டர்தான். ஆனால் நீளம் 20 மீட்டரைத் தாண்டுவதும் உண்டு. அடிப்பாகம், சுவர், கூரை எல்லாம் பெரும்பாலும் எஃகுத் தகடு.

லிஃப்டுக்குள் போனதும் மொபைல் பேச்சு துண்டாகிப் போவதைக் கவனித்திருக்கிறீர்களா? மொபைல் பேசுவது ரேடியோ அலைகளால். உலோகத் தகடு அந்த அலைகளைத் திருப்பி அனுப்பிவிடும். எஃகுப் படகும் அப்படித்தான். ஜன்னல் வழியாகக் கொஞ்சம் சிக்னல் நுழையும். உள்ளே போகப் போகக் குறைந்துவிடும்.

இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. சிக்னல் உள்ளே வராவிட்டால் நாம் வெளியே போய்ப் பிடித்து வருவோம்! கூரையில் ஓர் ஆன்டெனா வைத்து, அதிலிருந்து கேபிளைப் படகுக்குள் கொண்டுவந்து ரவுட்டரில் இணைப்பார்கள். ரவுட்டருக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். அது கோபுரத்துடன் பேசி, படகு முழுவதும் 'வைஃபை' தரும். ஆன்டெனாவிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒரே திசையை உற்றுப் பார்க்கும். படகு நகரும்போதெல்லாம் அதைக் கோபுரத்தின் பக்கம் திருப்ப வேண்டும். இன்னொன்று, எல்லாத் திசைகளிலும் கேட்கும். அடிக்கடி நகர்பவர்களுக்கு இரண்டாவதுதான் வசதி.

ஒரு எச்சரிக்கை. கால்வாயின் பழைய பாலங்கள் மிகவும் தாழ்வானவை. உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டியிருந்தால், பாலம் வருவதற்கு முன்பே மடக்கிவிட வேண்டும். மறந்தால்... 'டமால்'தான்!

இரண்டாவது எதிரி: பள்ளமும் மலையும்

கால்வாய்த் தண்ணீர் சமமாக நிற்க வேண்டும் அல்லவா? அதனால் மேட்டை வெட்டிப் பள்ளமாக்கியும் மலையைக் குடைந்தும் வழி அமைத்தார்கள். பென்னைன் மலைக்கு அடியில் போகும் ஸ்டான்டெட்ஜ் சுரங்கம் 1811இல் திறக்கப்பட்டது. நீளம் 5 கிலோமீட்டருக்கும் மேல்! சுரங்கத்துக்குள் எந்த சிம் இருந்தும் பயனில்லை. ஆழமாக வெட்டிய பகுதிகளிலும் இருபுறக் கரைகள் சிக்னலை மறைத்துவிடும்.

அலைகளுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. தூரத்தில் திருவிழா நடக்கும்போது பாட்டின் வார்த்தைகள் கேட்காது. 'டம் டம்' என்ற மேளச் சத்தம் மட்டும் கேட்கும். ரேடியோ அலைகளும் கொஞ்சம் அதுபோலத்தான். அதிர்வெண் குறைந்த அலை நெடுந்தூரம் வரும். அதிர்வெண் கூடிய அலை வேகமாகத் தகவல் தந்தாலும் சீக்கிரம் களைத்துவிடும். நகரத்தில் பறக்கும் 5ஜி, வயல்வெளியில் காணாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

கடை பல, சமையலறை சில

இப்போது கடைக்குப் போகலாம். எத்தனை நிறுவனங்களின் பெயர்கள்! ஆனால் பிரிட்டனில் சொந்தமாகக் கோபுர வலை நடத்தியவை நான்குதான்: ஈஈ, ஓ2, வோடபோன், த்ரீ. இவற்றில் வோடபோனும் த்ரீயும் 2025 மே மாத இறுதியில் ஒரே நிறுவனமாக இணைந்துவிட்டன. மற்ற சின்ன நிறுவனங்கள் இவர்களுடைய கோபுரங்களை வாடகைக்கு எடுத்தே சேவை தருகின்றன. கிஃப்காஃப் ஓடுவது ஓ2 வலையில். ஸ்மார்ட்டி ஓடுவது த்ரீ வலையில்.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். 'ஒன்று வேலை செய்யாவிட்டால் இன்னொன்று இருக்கட்டும்' என்று ஓ2 சிம் ஒன்றும் கிஃப்காஃப் சிம் ஒன்றும் வாங்கினால் என்ன ஆகும்? இரண்டும் ஒரே கோபுரத்தைத்தான் தேடும். இரண்டும் சேர்ந்தே காணாமல் போகும்! ஒரே சமையலறையில் சமைத்ததை இரண்டு ஓட்டல்களில் விற்பது மாதிரி. அடுப்பு அணைந்தால் இரண்டு இடத்திலும் இட்லி கிடைக்காது.

எனவே பெயரைப் பார்க்காதீர்கள். 'இது யாருடைய கோபுரம்?' என்று கேளுங்கள். இரண்டு சிம் வாங்கினால், இரண்டும் வெவ்வேறு வலையில் இருக்கட்டும்.

வரைபடத்தை நம்பலாமா?

நிறுவனங்கள் சிக்னல் வரைபடம் வெளியிடுகின்றன. அந்த நாட்டின் தொலைத்தொடர்புக் கட்டுப்பாட்டு அமைப்பான 'ஆஃப்காம்' அமைப்பும் எல்லா நிறுவனங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வரைபடம் தருகிறது. போகப்போகும் பாதையை முதலில் அதில் பாருங்கள். ஆனால் இவை பெரும்பாலும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்பவை. உங்கள் படகின் எஃகுச் சுவரும் கரையிலுள்ள மரக்கூட்டமும் அந்தக் கணக்குக்குத் தெரியாது.

அதனால் மந்திரியே களத்தில் இறங்க வேண்டும்! ஒரு மாதத்துக்கு மட்டுமான விலை குறைந்த சிம்களை வெவ்வேறு வலைகளில் வாங்குங்கள். ஒரு நோட்டு எடுங்கள். கால்வாய்ப் பாலங்களில் எண் எழுதியிருக்கும். எந்தப் பாலத்துக்கு அருகில் நிற்கிறீர்கள், எந்த வலை, எத்தனை மணி, வீடியோ தடங்காமல் ஓடியதா என்று குறித்துக்கொள்ளுங்கள். காலையிலும் இரவு எட்டு மணிக்கும் சோதிக்க வேண்டும். ஏன் தெரியுமா? ஒரு கோபுரத்தின் வேகத்தை அங்குள்ள எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இரவில் ஊரே படம் பார்க்கும்போது, மொபைலில் நான்கு கோடு தெரிந்தாலும் இணையம் ஆமைபோல் நகரும்!

கணக்கும் ஒப்பந்தமும்

அடுத்தது, எவ்வளவு இணையம் தேவை? ஒரு மணி நேரம் சாதாரணத் தரத்தில் படம் பார்த்தால் சுமார் 1 ஜிபி செலவாகும். உயர்தரத்தில் 3 ஜிபி வரை ஆகலாம். தினம் இரண்டு மணி நேரம் உயர்தரப் படம் என்றால், 3 × 2 × 30 = 180 ஜிபி! தரத்தைக் குறைத்தால் 60 ஜிபியில் முடிந்துவிடும். 'அளவில்லா இணையம்' என்ற விளம்பரத்தைப் பார்த்தால் பொடி எழுத்தில் உள்ள நிபந்தனைகளையும் படியுங்கள். அந்த சிம்மை ரவுட்டரில் போட அனுமதி உண்டா என்பதும் அங்கேதான் இருக்கும்.

இரண்டு வருட ஒப்பந்தம் மலிவாகத் தெரியலாம். ஆனால் அடுத்த மாதம் நீங்கள் எந்த ஊரில் இருப்பீர்கள் என்பது உங்களுக்கே தெரியாதே! சிக்னல் கிடைக்காத ஊரிலும் பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நகரும் வீட்டுக்கு, மாதம் முடிந்ததும் மாற்றிக்கொள்ளக்கூடிய திட்டமே நல்லது.

'செயற்கைக்கோள் இணையம் வாங்கிவிட்டால் கோபுரமே வேண்டாமே?' என்று ஒரு கெட்டிக்காரர் கேட்பது காதில் விழுகிறது. சிலர் அப்படியும் செய்கிறார்கள். ஆனால் அதன் தட்டுக்கு மேலே மரக்கிளை மறைக்காத வானம் வேண்டும். மின்சாரமும் ரவுட்டரைவிட அதிகம் குடிக்கும். படகின் மின்சாரம் பேட்டரியிலிருந்தும் சூரியத் தகட்டிலிருந்தும் வருவது. இங்கிலாந்தின் குளிர்காலத்தில் சூரியன் கொஞ்ச நேரம்தான் எட்டிப் பார்ப்பார்!

ஆபத்து என்றால்?

இது விளையாட்டில்லாத விஷயம். படகில் யாருக்காவது அடிபட்டால் பிரிட்டனில் 999 எண்ணை அழைக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும், அருகில் எந்த நிறுவனத்தின் கோபுரம் இருந்தாலும் அதன் வழியாக அந்த அழைப்பு போகும். 2009 முதல் இந்த வசதி உண்டு. 'நாங்கள் எங்கே இருக்கிறோம்?' என்பதை எப்படிச் சொல்வது? தெருப் பெயர் கிடையாதே! கால்வாயின் பெயரையும் பாலத்தின் எண்ணையும் சொன்னால் போதும். அதனால் ஒவ்வொரு முறை படகைக் கட்டியதும் பாலத்தின் எண்ணை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். சிக்னல் சோதிக்க நீங்கள் எழுதிய நோட்டு, உயிர் காக்கவும் உதவும் பார்த்தீர்களா?

மந்திரியின் தீர்ப்பு

சரி, எந்த நிறுவனம் சிறந்தது? கடைசி வரை ஒரு பெயரும் சொல்லவில்லையே என்கிறீர்களா? 'சிறந்த நிறுவனம்' என்று ஒன்று இல்லை குட்டீஸ். இந்தப் பாலத்துக்கு அருகில் சிறந்தது அடுத்த பாலத்தில் பூஜ்யம் ஆகலாம். அதனால் கூரையில் ஆன்டெனா, வெவ்வேறு வலையில் இரண்டு சிம், மாதத் திட்டம், கையில் ஒரு நோட்டு. இதுதான் படகின் பதில்.

இந்த வித்தையை நீங்களும் செய்து பார்க்கலாம். பெரியவர்களிடம் கேட்டு, உங்கள் வீட்டிலுள்ள மொபைல்களை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அறையிலும் மாடியிலும் சிக்னலைக் குறியுங்கள். காலையிலும் இரவிலும் ஒப்பிடுங்கள். அடுத்த முறை டிவியில் ஒரு நிறுவனம் 'நாங்களே நம்பர் ஒன்!' என்று சொன்னால், உங்கள் நோட்டைத் திறந்து, 'எங்கே? எத்தனை மணிக்கு?' என்று கேளுங்கள்.

அப்போது நீங்கள்தான் உங்கள் வீட்டின் தகவல் தொடர்பு மந்திரி!