எலும்பும் கணக்கும்

மண்ணை அகழும்போது அகஸ்மாத்தாக வெளிப்படும் மண்டையோடு ஒன்று ஆணுடையதா பெண்ணுடையதா, எந்த ஜனசமூகத்தைச் சார்ந்தது என்று நிர்ணயிக்கும் பொருட்டு, அதன் நீள அகலங்களையும் கண்குழியின் விரிவையும் அளந்து, முன்பே சேகரித்த மண்டையோடுகளின் அளவுகளோடு ஒப்பிட்டுச் சொல்லும் கணினி நிரல்கள் இன்று தடயவியலாருக்குத் துணை நிற்கின்றன. அவற்றுள் பிரசித்தமானது, அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் உருவாகி 1993-இல் வெளிவந்த ‘ஃபோர்டிஸ்க்’.

ஆனால் அதன் ஜீவநாடியான, அளவுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கியவை என்று கணிக்கும் ‘மகலனோபிஸ் தூரம்’ நம் தேசத்துச் சொத்து. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை ஸ்தாபித்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ், 1936-இல் வகுத்தளித்த சூத்திரம் அது. இன்றைய கர்நாடகத்து ஹடகலியில் பிறந்த புள்ளியியல் அறிஞர் சி. ஆர். ராவ், 1946-இல் கேம்பிரிட்ஜ் சென்று, சூடானின் ஜெபல் மோயாவில் கிடைத்த புராதன எலும்புக்கூடுகளை, மின்கணினி கைக்கெட்டாத அக்காலத்திலேயே, அம்முறையைக் கொண்டு ஆராய்ந்தார் என்பது வியப்புக்குரியதன்றோ!

எனினும் ஒப்பிட வைத்திருக்கும் மாதிரிகளில் இடம்பெறாத சமூகத்தவரின் எலும்பையும், நிரலானது தான் அறிந்த கூட்டங்களுள் மிக நெருங்கியதோடு சேர்த்துவிடக்கூடும். ஆகவே அது தருவது அனுமானமே. இறந்தவர் இன்னார் என்று உறுதிசெய்யப் பற்களின் மருத்துவப் பதிவோ, மரபணுச் சோதனையோ வேண்டும்.