புல் தந்த பளபளப்பு

ஓடி வந்து நிற்கும் குதிரையின் கழுத்தைப் பாருங்கள். கடிவாள வார் உரசும் இடத்தில், சோப்புத் தேய்த்ததுபோல் வெள்ளை நுரை பூத்திருக்கும். படைத்தவனின் கைவேலை அந்த நுரைக்குள் இருக்கிறது.

குதிரையின் மயிர்க்கால்களை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. அவற்றில் கசியும் எண்ணெய் மயிரில் படிந்து மழைநீரை வழியவிடுகிறது, வெயிலில் மினுங்குகிறது. ஆனால் எண்ணெய் பூசிய மயிரில் வியர்வை மட்டும் எப்படிப் பரவும்? பரவி ஆவியானால்தானே உடம்பு குளிரும்? அதற்கும் வழி வைத்திருக்கிறான். குதிரையின் வியர்வையில் லாதரின் என்றொரு புரதம் இருக்கிறது. அது எண்ணெயையும் நீரையும் இணங்கவைத்து, வியர்வையை மயிரின் நுனிவரை கொண்டுபோகிறது. நுரை வருவது அதனால்தான்.

இத்தனைக்கும் தீனி வெறும் புல். பச்சைப் புல்லின் உலர் எடையில் கொழுப்பு 100-க்கு 2 முதல் 4 பங்குதான். அதில் பாதியும் அதற்கு மேலும் ஒமேகா-3 வகை. தோலின் ஈரம் காக்கவும் அழற்சியைத் தணிக்கவும் வேண்டிய மூலக் கொழுப்புகளைக் குதிரையால் தானே உண்டாக்க முடியாது. மேய்ந்துதான் பெற வேண்டும். அந்தக் கொழுப்பைச் செரிக்கப் பித்தம் வேண்டும்; ஆனால் குதிரைக்குப் பித்தப்பையே கிடையாது. குறையென்று நினைத்துவிடாதீர்கள்! பொழுதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மேயும் பிராணிக்குப் பித்தத்தைச் சேர்த்துவைக்க அவசியமென்ன? கல்லீரலிலிருந்து அது ஓயாமல் குடலில் இறங்கிக்கொண்டே இருக்கிறது.

நாம் லாயத்தில் கட்டிப்போட்டு வைக்கோலும் காய்ந்த புல்லும் போடும்போதுதான் கணக்கு இடிக்கிறது. புல் காயும்போது ஒமேகா-3-இல் பெரும்பகுதியும் வைட்டமின் ஈ-யும் போய்விடுகின்றன. கொள்ளு புரதம் தரும், கொழுப்புக்கு உதவாது. அந்த இடத்தை நிரப்ப நன்றாக ஏற்றது ஆளி விதை: 100-க்கு 40 பங்கு எண்ணெய், அதில் பாதிக்கு மேல் ஒமேகா-3. பொடித்துப் போட்டால் அன்றன்றைக்குப் பொடிப்பது நல்லது. சிக்கு வாடை அடித்தால் குதிரை முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அதன் மூக்கை ஏமாற்ற முடியாது.

எண்ணெய் ஊற்றுவதானாலும் ஒரு கரண்டியில் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் மெல்லக் கூட்டவேண்டும். அவசரப்பட்டால் சாணம் இளகும். குடற்புழுவால் மங்கிய மயிருக்கு எந்த எண்ணெயும் பலிக்காது, முதலில் மருத்துவரைப் பார்க்கவேண்டும். முளைத்துவிட்ட மயிர் உயிரற்றது. தீனியின் பலன் புதிதாய் முளைக்கும் மயிரில்தான் முழுதாகத் தெரியும்.