கை நுழையும் இடம்

மகனுக்குச் சென்னையில் ‘பிம் மாடலர்’ வேலை கிடைத்திருக்கிறது, படம் வரைகிறானா கேம் ஆடுகிறானா என்றே தெரியவில்லை என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். எட்டிப் பார்த்தால் எனக்கும் அந்தச் சந்தேகம் வரும்.

ஆட்டோகேட் வரைபடத்தில் சுவர் என்பது இரண்டு கோடு. ‘பிம்’ (பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங்) என்னும் முப்பரிமாண மாடலில் அது சுவரேதான். என்ன கல், எவ்வளவு தடிமன், எத்தனை மணி நேரம் தீயைத் தாங்கும் என்ற விவரமெல்லாம் அதனுள்ளேயே இருக்கும். ஒரு ஜன்னலை நகர்த்தினால் பிளான், எலிவேஷன், அளவுப் பட்டியல் எல்லாம் கூடவே மாறும். கட்டடக்கலைப் பேராசிரியர் சக் ஈஸ்ட்மன் 1975-லேயே இந்த யோசனையை எழுதிவிட்டார். சிங்கப்பூரில் 2015 முதல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்கு பிம் மாடலாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றாயிற்று. பிரிட்டன் அடுத்த ஆண்டே மத்திய அரசுப் பணிகளில் அதைக் கட்டாயமாக்கியது.

ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர், ஏசிக்காரர், பிளம்பிங்காரர் எல்லோருடைய மாடலையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினால், ஏசி டக்ட் பீமுக்குள் புகுந்திருக்கும் இடம் தனி நிறத்தில் தெரியும். இதுதான் ‘கிளாஷ்’. சைட்டில் கான்கிரீட்டைத் துளைக்கும் கோர் கட்டிங் மெஷினோடு நிற்பதைவிடத் திரையில் திருத்துவது மலிவு.

என்னை மயக்கியது இன்னொரு வகை, ‘சாஃப்ட் கிளாஷ்’. இதில் எதுவும் எதையும் முட்டாது. ஆனால் வால்வைத் திருப்பக் கை நுழையாது, ஃபில்டரைக் கழற்றி வெளியே இழுக்க இடமிருக்காது. அதனால் ஏசி யூனிட்டுக்கு முன்னால் ஒன்றுமே இல்லாத இடத்தையும் ஒரு பெட்டியாக வரைந்து வைக்கிறார்கள். நாளை ஏணி போட்டு ஏறப்போகிறவரின் தோளுக்கும் கைக்கும் ஒதுக்கிய இடம் அது. குழாய் ஒன்று அதற்குள் வந்தால் மென்பொருள் கத்தும். எங்கள் வீட்டு பாத்ரூம் லாஃப்டில் இருக்கும் வால்வைத் திருப்ப பிளம்பர் ஒவ்வொரு முறையும் ஒரு டைலைக் கழற்றுகிறார். யாராவது ஒரு பெட்டி வரைந்திருக்கலாம்.

வெளிநாட்டுக் கட்டடங்களுக்குச் சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்து இந்தப் பெட்டிகளை வரைகிறார்கள் நம் பிள்ளைகள். உள்ளூர் அடுக்குமாடிகள் பலவற்றிலோ, முப்பரிமாணம் விற்பனை வீடியோவோடு முடிந்துவிடுகிறது. குடிவருகிறவர் கைக்கு வருவது மங்கலான ஒரு பிளான் ஜெராக்ஸ். கசிவு வந்தால் சுவரைத் தட்டித் தட்டித் தேட வேண்டியதுதான்.

மாடல் போட்டுக் கட்டியதாகச் சொல்லும் பில்டரிடம், சாவி வாங்கும்போதே குடியிருப்போர் சங்கம் அதைக் கேட்டு வாங்க வேண்டும்; பல மென்பொருள்களில் திறக்கக்கூடிய ஐஎஃப்சி கோப்பாக. கட்டும்போது சைட்டில் செய்த மாற்றங்கள் ஏற்றப்பட்டனவா என்றும் கேளுங்கள். ஏற்றாத மாடல் அந்த ஜெராக்ஸைவிட ஆபத்து. பைப் இல்லாத இடத்தில் பைப்பைக் காட்டும்.