மனைப் பதிப்பும் தொழிற் பதிப்பும்

ஒரு நூலுக்குப் பதிப்புக்கள் பல தோன்றுதல் தமிழ் கற்றார்க்குப் புதுமையன்று. நன்னூலுக்குக் காண்டிகையுரையும் உண்டு, விருத்தியுரையும் உண்டு. தொடக்க மாணாக்கர்க்கு முன்னதும், ஆழ்ந்து கற்பார்க்குப் பின்னதும் என ஆசிரியன்மார் வகுத்து வைத்தனர். இன்று கணினி வாங்கப் புகுவார் முன்னும் இத்தகைய வினாவொன்று நிற்கின்றது. மைக்ரோசொப்ற் நிறுவனத்தாரின் விண்டோஸ் இயங்குதளத்தில் ஒன்றைக் கடைக்காரர் ஹோம் என்பர். மற்றொன்றைப் புரோ என்பர். நாம் அவற்றை மனைப் பதிப்பு, தொழிற் பதிப்பு எனக் கொள்வோம். ஆசிரியரின் சம்பளத்தில் கணினி வாங்குவோர்க்கு இவற்றிடையேயுள்ள விலை வேறுபாடு சிறிதன்று. ஆதலின் இதனைச் சற்று விரித்து நோக்குதல் தகும்.

முற்காலத்தில் இவை குலத்தாலேயே வேறாயிருந்தன. வீட்டார்க்கென வந்த 95, 98, எம்இ என்பன டொஸ் என்னும் பழைய அடித்தளத்தின்மேல் எழுந்தவை. அலுவலகத்தார்க்கென 1993இல் தோன்றிய என்டி மரபு தனியே வளர்ந்தது. 2001ஆம் ஆண்டு ஒக்ரோபரில் எக்ஸ்பி வெளிவந்தபோதுதான் இரு கிளைகளும் என்டி மரபினுள் ஒன்றாயின. ஹோம் என்னும் பெயரும் அப்போதே வழக்கிற்கு வந்தது. 2007இல் வந்த விஸ்தாவோ பேசிக், பிரீமியம், பிசினஸ், அல்டிமேட் எனப் பல பெயர் பூண்டு வாங்குவோரைத் திகைப்பித்தது. பெயர் பெருகினால் பொருள் பெருகிற்று என எண்ணும் வணிக மயக்கம் அது. இன்றைய பதினோராம் விண்டோஸில் கடைத்தெருவிற் காண்பன பெரும்பாலும் இரண்டே.

அவ்விரண்டிற்கும் மூலம் ஒன்று. பழைய அச்சு நூல்கள் சிலவற்றில் தாள்கள் விளிம்பு வெட்டப்படாமல் மடிந்தபடியே கட்டப்பட்டு வரும். எழுத்தெல்லாம் உள்ளே இருக்கும், கத்தியிட்டுப் பிரித்தாலன்றிப் படிக்க இயலாது. மனைப் பதிப்பும் ஏறக்குறைய அத்தகையதே. தொழிற் பதிப்பிற்குரிய திறப்பெண்ணை வாங்கி உள்ளிட்டால், எதனையும் அழித்து மீள நிறுவாமலே சிறிது நேரத்தில் அது தொழிற் பதிப்பாகிவிடுகின்றது. இது காணுமிடத்து, "இருக்கும் அறைக்குப் பூட்டுப் போட்டுத் திறப்பை விற்கின்றார்களே" என்று சிலர் சினப்பதுண்டு. அச் சினம் முற்றும் நியாயமற்றதென்று சொல்ல யான் துணியேன்.

தொழிற் பதிப்பு விரைந்து இயங்கும் என்பது பிழையான எண்ணம். அது கிருமிநிரல்களைக் கூடுதலாகத் தடுக்கும் என்பதும் அவ்வாறே. டிபென்டர் என்னும் காவல் இரண்டிலும் ஒன்றே. பாதுகாப்புத் திருத்தங்களும் இரண்டிற்கும் வருகின்றன. கட்டுரை எழுதவும், வினாத்தாள் தயாரிக்கவும், இணையவழிப் பாடம் கேட்கவும் மனைப் பதிப்பே சாலும்.

ஆயின், ஆசிரியரும் ஆராய்ச்சியாளரும் ஊன்றி நோக்கற்பாலது ஒன்றுண்டு. பல்லாண்டாக ஏடு பார்த்துத் தட்டெழுதிய பாடங்கள், மாணவரின் புள்ளிப் பட்டியல்கள் ஆகியவை அடங்கிய மடிக்கணினி பேருந்தில் களவு போயிற்று என்க. கடவுச்சொல் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளல் வீண். மறையாக்கம் செய்யப்படாத சேமிப்பகத்தைக் கழற்றி வேறொரு கணினியில் இணைப்பவன், கடவுச்சொல்லைக் கேளாமலே அனைத்தையும் படித்துவிடுவான். இதனைத் தடுப்பது மறையாக்கம் ஒன்றே. தொழிற் பதிப்பில் அதற்கென அமைந்தது பிற்லொக்கர். எப்பகுதியை மறையாக்குவது, மீட்புத் திறப்பை எங்கே வைப்பது என்பவற்றை உரியவரே தீர்மானிக்கலாம். கையிற் கொண்டு திரியும் பென்டிரைவையும் பூட்டலாம். மனைப் பதிப்பில் தகுதியுள்ள கணினிகளுக்குச் சாதன மறையாக்கம் என்னும் எளிய வகை உண்டு. மைக்ரோசொப்ற் கணக்கினூடாக நுழைந்தால் அது தானே தொழிற்படும். மீட்புத் திறப்பும் அக் கணக்கிலேயே சேமிக்கப்படும். பென்டிரைவைப் பூட்டும் வசதி ஆண்டில்லை.

எதுவாயினும், 48 இலக்கங்கொண்ட அம் மீட்புத் திறப்பைத் தாளில் எழுதி வேறோரிடத்தில் வையாதவர் தம் நூலைத் தாமே இழக்க நேரும். கணினி பழுதுற்று அவ்வெண்ணைக் கேட்கும் நாளில் அதனை ஊகித்தறிய எவராலும் இயலாது. செல்லரித்த ஏட்டிலாவது சில வரிகள் எஞ்சும். இதில் ஒன்றும் எஞ்சாது.

ஏனையவற்றைச் சுருங்கச் சொல்லலாம். தொலைவிலிருந்து தம் கணினியை இயக்க ரிமோட் டெஸ்க்ரொப் வழி விரும்புவார்க்குத் தொழிற் பதிப்பு வேண்டும். மனைப் பதிப்பு பிறகணினியை அவ்வழி இயக்குமேயன்றித் தான் இயக்கப்படாது. கணினியியல் பயிலும் மாணவர் கணினிக்குள் கணினி அமைத்துப் பார்க்கும் ஹைப்பர்வி என்பதும் தொழிற் பதிப்பிற்கே உரியது. பாடசாலைக் கணினிகள் பலவற்றை ஓரிடத்திலிருந்து ஆள்வதற்கான டொமைன் இணைப்பும் அவ்வாறே. ஆனால், பாடசாலைகளுக்கெனவே எடியுகேஷன் என்னும் தனிப் பதிப்பும் உளது. அதிபர்கள் தொழிற் பதிப்பைக் கடையிற் பல படி வாங்குமுன் அதனை விசாரித்தல் நன்று.

அமெரிக்க விலைப்படி மனைப் பதிப்பு 139 டொலர். தொழிற் பதிப்பு 199 டொலர். முன்னதிலிருந்து பின்னதற்கு ஏற 99 டொலர். முதலில் மனைப் பதிப்பைத் தனியே வாங்கிப் பின்னர் ஏறுபவர் 238 டொலர் கொடுக்கின்றார். கணினியோடு மனைப் பதிப்பு சேர்ந்தே வருமாயின், பொறுத்திருந்து தேவை எழுந்தபின் ஏறுவதே சிக்கனம்.

தமிழ் எழுதுவார்க்கு ஓர் எச்சரிக்கை. மனைப் பதிப்பில் சிங்கிள் லாங்குவேஜ் என்றொரு கிளையுண்டு. அதில் தமிழில் தட்டெழுதத் தடையில்லை; தமிழ் 99, அஞ்சல் விசைப்பலகைகள் அதிலும் கிடைக்கும். ஆயின் திரையிலுள்ள கட்டளைகளின் மொழியை மாற்றுதல் கூடாது. தமிழில் திரை வேண்டுவோர்க்கு இது பெருந்தடை. பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் கடைக்காரரைக் கணினியை இயக்கச் சொல்லி, செற்றிங்ஸில் சிஸ்டம், அதனுள் அபவுட் என்னும் பக்கத்தைத் திறப்பித்தால், பதிப்பின் முழுப்பெயர் ஆங்கே எழுதப்பட்டிருக்கும்.