பூனைக்கும் சர்க்கரை, கணக்குதான் வேறு

காரைக்குடியில் ஒரு வீட்டு ஃப்ரிட்ஜில் இன்சுலின் குப்பி இருப்பது இன்று செய்தியே இல்லை. நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியைத் தாண்டிவிட்டதாக 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. ஆச்சிக்கு ஒன்று, ஐயாவுக்கு ஒன்று என்று வெண்ணெய்க்குப் பக்கத்தில் குப்பிகள் நிற்கும். அந்த வரிசையில் பூனைக்கும் ஒரு குப்பி வந்து சேரும்போதுதான் வீட்டில் சிரிப்பு கிளம்புகிறது. “பூனைக்கா சுகர்?”

பூனைக்குத்தான். அதுவும் மனிதருக்கு வருகிற இரண்டாம் வகை நோய்க்கு மிக நெருங்கியது. கணையத்தில் அமிலின் என்ற புரதம் படிந்து, இன்சுலின் சுரக்கும் செல்களைக் கெடுப்பது நமக்கும் பூனைக்கும் பொது. எலிக்கு அப்படி நேர்வதில்லை. நடுவயது தாண்டி, கருத்தடை செய்யப்பட்டு, வீட்டோடு கிடந்து பருத்துப்போன ஆண் பூனைக்கு ஆபத்து அதிகம். அரிப்புக்காக அடிக்கடி போடப்படும் ஸ்டீராய்டு ஊசியும் நோயை இழுத்துவரும். இதில் வேடிக்கை, பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணரவைக்கும் மரபணு பூனைக் குடும்பத்தில் செயலிழந்து கிடப்பதை 2005-இல் கண்டறிந்தார்கள். பூனை முழுக்க மாமிசம் தின்னும் பிராணி. அதன் கல்லீரலுக்கு மாவுச்சத்தை வேகமாகக் கையாளும் பழக்கம் இல்லை. நாமோ செல்லமாகப் பால்சோறு பிசைந்து வைக்கிறோம். வசதி இருந்தால் மாவுச்சத்து நிறைந்த உலர் தீவனத்தை நாள் முழுக்கக் கிண்ணத்தில் கொட்டி வைக்கிறோம்.

செட்டிநாட்டுக்காரர்கள் கேட்டு மகிழ ஒரு கிளைக்கதை உண்டு. நகரத்தார் பர்மாவில் வட்டித்தொழில் செய்துகொண்டிருந்த காலம்; 1930-இல் அங்கிருந்து வாங் மாவ் என்ற பழுப்பு நிறப் பெண்பூனை சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனது. பர்மியப் பூனை என்று இன்று உலகம் போற்றும் இனத்தின் மூதாய் அதுதான். பிரிட்டனில் 2007-இல் வெளியான கணக்குப்படி 230 பூனைகளில் ஒன்றுக்குச் சர்க்கரை நோய். பர்மிய இனத்துக்கு அந்த வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. நம் வளவுகளில் திரிபவை பெரும்பாலும் நாட்டுப் பூனைகள்தாம் என்றாலும் பருத்துப்போனால் அவையும் தப்பாது.

அறிகுறிகள் நமக்குப் பழக்கமானவை. தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாகும். மூத்திரம் அதிகமாகும், அந்த இடத்தில் எறும்பு மொய்க்கும். நன்றாகத் தின்றும் இளைக்கும். நோய் முற்றினால் நரம்பு தளர்ந்து, பின்கால்களை விரல்மேல் ஊன்றாமல் கணுக்கால் தரையில் படிய நடக்கும்.

வழக்கமான சிகிச்சை இன்சுலின்தான். காலை ஆறு என்றால் மாலை ஆறு. 12 மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி, தோலுக்கடியில். பூனையின் இன்சுலின் மாட்டின் இன்சுலினிலிருந்து ஒரே ஒரு அமினோ அமிலத்தில் வேறுபடுகிறது, மனித இன்சுலினிலிருந்து நான்கில். இருந்தும் மனிதருக்காகச் செய்த கிளார்ஜின் பூனைக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஊசி மயிரிழை போன்றது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பூனை பல நேரம் திரும்பிக்கூடப் பார்க்காது. ஊசி போடுவது சுலபம். வினை வருவது அளவில்.

இந்தியாவில் குப்பியில் வரும் மனித இன்சுலின் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட். கிளார்ஜின் பொதுவாக 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. பூனைக்கு மருத்துவர்கள் வழக்கமாக ஒரு யூனிட் அளவில்தான் தொடங்குகிறார்கள். 100 யூனிட் மருந்தில் அது 0.01 மில்லிலிட்டர், ஒரு சொட்டைவிடக் குறைவு. இந்த மருந்தை ஆச்சியின் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் ஒரு கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 2.5 யூனிட். எழுபது கிலோ மனிதர் இந்தப் பிசகைச் சமாளித்துவிடலாம். நான்கு கிலோ பூனைக்கு உயிர் போகலாம். எந்த மருந்துக்கு எந்த மூடி என்பதை மருத்துவரிடம் குப்பியையும் சிரிஞ்சையும் நேரில் காட்டிக் கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

அடுத்தது ரத்தச் சோதனை. கூடையில் அடைத்து, பஸ்ஸில் ஏற்றி, மஞ்சுவிரட்டுக் காளைகளும் ஆடுகளும் நிற்கும் ஆஸ்பத்திரியில் இறக்கினால், பயத்திலேயே பூனையின் சர்க்கரை ஏறிவிடும்; நோயே இல்லாத பூனைக்கும் 300 காட்டலாம். அதனால்தான் உலகெங்கும் கால்நடை மருத்துவர்கள் வீட்டுச் சோதனையை வற்புறுத்துகிறார்கள். காது மடலின் ஓரத்தைக் கையால் தேய்த்துச் சூடாக்கி, லேசாகக் குத்தினால் ஒரு துளி ரத்தம் போதும். அந்தத் துளியில் நடப்பது மின்வேதியியல். காரைக்குடிக்கு அது சொந்தப் பாடம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்த ஊரில்தானே இருக்கிறது! ரத்தத் துளியை வைக்கும் சோதனைப் பட்டையில் உள்ள நொதி குளுக்கோஸைச் சிதைக்கும்போது வெளிப்படும் எலக்ட்ரான்கள் மெல்லிய மின்னோட்டமாகின்றன. குளுக்கோமீட்டர் அந்த ஓட்டத்தை அளந்து எண்ணாக்குகிறது. நொதியையும் மின்முனையையும் இப்படி இணைக்கும் யோசனையை 1962-இல் அமெரிக்கர் லேலண்ட் கிளார்க் முன்வைத்தார்.

ஆனால் ஐயாவின் மீட்டர் மனித ரத்தத்துக்குக் கணக்குப் போட்டது. நம் சிவப்பணுக்களுக்குள்ளும் குளுக்கோஸ் கணிசமாக உண்டு; பூனை ரத்தத்தில் அது பெரும்பாலும் பிளாஸ்மாவில் இருக்கிறது. ஆகவே மனித மீட்டர் பூனைக்கு உண்மையைவிடக் குறைத்தே காட்டும். விலங்குகளுக்கான மீட்டர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஒரே மீட்டரை விடாமல் பயன்படுத்தி, எண்களை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மிகவும் அஞ்சவேண்டியது சர்க்கரை தாழ்வது. பூனை தள்ளாடினால், வெறித்துப் பார்த்தால், வலிப்பு வந்தால், தேனையோ சர்க்கரைப் பாகையோ ஈறில் தடவிக்கொண்டே மருத்துவரிடம் ஓடவேண்டும். வலிப்பில் கிடக்கும் பூனையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், விரலையும் பற்களுக்கிடையே விடாதீர்கள். ஊசி போட்டபின் ரோமம் நனைந்திருந்தால், மருந்து உள்ளே போனதா என்ற சந்தேகம் வரும். மறுபடி போடவே கூடாது. ஒரு வேளை தவறினால் பெரிய கேடில்லை, இரட்டிப்பானால் கேடு. பூனை சாப்பிட மறுக்கும் நாளிலும் கேட்காமல் ஊசி போடவேண்டாம்.

சிவகங்கைச் சீமையின் வெயிலும் மின்வெட்டும் தனிக் கவலை. பிரிக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும், உறைந்தால் மருந்து வீண். கரண்ட் போன கோடை மதியத்தில் ஒரு மண்பானைக்குள் இன்னொன்றை வைத்து, நடுவில் ஈரமணல் நிரப்பி, உள்பானையில் குப்பியை வைத்து மூடுவது நல்ல தற்காலிக ஏற்பாடு.

உழைப்புக்குப் பலன் உண்டு. நோயைச் சீக்கிரம் கண்டு, மாவுச்சத்தைக் குறைத்து, இன்சுலினை ஒழுங்காகக் கொடுத்தால், கணிசமான பூனைகளுக்குச் சில மாதங்களில் ஊசியே தேவையற்றுப் போகிறது. அதற்காகப் பால்சோற்றை நிறுத்தி வெறும் கோழிக்கறியைப் போட்டால் சுண்ணாம்புச்சத்து குறையும். உணவை மருத்துவரோடு பேசி மாற்றுங்கள், ஏனென்றால் உணவு மாறியதும் இன்சுலின் தேவையும் சரசரவென்று இறங்கும். ஆச்சியின் சர்க்கரை மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் யோசனை மட்டும் யாருக்கும் வரவேண்டாம்.

கூட்டுக்குடும்ப வீடுகளுக்குக் கடைசியாக ஒன்று. பூனையின் குப்பிக்கும் சிரிஞ்சுக்கும் தனி டப்பா வைத்து, பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டுங்கள். ஊசி போட்டவர் அன்றைய நாள்காட்டித் தாளிலேயே நேரத்தையும் தன் பெயரையும் குறிக்கட்டும். ‘நீ போட்டிருப்பாய் என்று நினைத்தேன்’ என்பதைவிட ‘நானும் போட்டேன்’ என்பதுதான் ஆபத்து.