முகத்தில் எழும் தடிப்பும் நள்ளிரவுக் காய்ச்சலும்

பெருங்குடல் புற்றுநோய் பிற உறுப்புகளுக்குப் பரவிய நிலையில், மரபணுப் பரிசோதனை முடிவு இடங்கொடுக்குமானால், இரினோடெக்கான் அடங்கிய கீமோதெரபியுடன் செடுக்சிமாப் என்னும் இலக்கு மருந்தையும் சேர்த்து அளிக்கிறோம். இரண்டும் ஒரே நாளில் ஏற்றப்பட்டாலும் அவை தரும் தொல்லைகள் வெவ்வேறானவை.

செடுக்சிமாப், புற்றணுக்களின் மேலுள்ள இஜிஎஃப்ஆர் என்னும் வளர்ச்சி ஏற்பியை அடைத்துவிடுகிறது. அதே ஏற்பி நம் தோலிலும் உண்டு. ஆகவே முதல் மூன்று வாரங்களுக்குள் முகத்திலும் மார்பிலும் முதுகிலும் பரு போன்ற தடிப்புகள் பெரும்பாலோருக்கு எழுகின்றன. வீட்டார் இதை அம்மை என்று கருதி, வேப்பிலை வைத்து, மருந்துகளை நிறுத்திவிடுவதும் உண்டு. இது அம்மை அன்று, பிறருக்குத் தொற்றாது. முகப்பருவும் அன்று. கடையில் விற்கும் பருக் களிம்புகள் தோலை உலர்த்தி எரிச்சலைக் கூட்டும். மணமற்ற ஈரப்பதக் களிம்பைத் தடவி, வெயிலைத் தவிர்த்து, நாங்கள் எழுதித்தரும் டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரைகளை முறையாக உட்கொண்டால் பெரிதும் தணியும். நகக்கண் வீங்கி வலித்தாலும் காட்டுங்கள்.

உடம்பில் மக்னீசியம் குறைவதும் இம்மருந்தின் இயல்பே. சோர்வும் தசைப்பிடிப்பும் அதன் அறிகுறிகள். ஒவ்வொரு முறையும் இரத்தம் எடுப்பது எதற்கு என்று கேட்போருக்கு இதுவும் ஒரு விடை.

வயிற்றுப்போக்கு இரு மருந்துகளாலும் வரும். லோபரமைடு மாத்திரையை எப்போது தொடங்குவது என்பதை முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உப்பு-சர்க்கரைக் கரைசலும் கஞ்சியும் அடிக்கடி கொடுங்கள். சொன்னால் சிகிச்சை நின்றுவிடுமோ என்று அஞ்சி இதை மறைப்போர் உளர். தொடக்கத்திலேயே தெரிவித்தால், பெரும்பாலும் மருந்தின் அளவைக் குறைத்தோ சில நாட்கள் தள்ளிவைத்தோ சிகிச்சையைத் தொடர்கிறோம். நீர்ச்சத்து வற்றிய நிலையில் தூக்கிவரப்படுபவருக்கே நீண்ட இடைவெளி தேவைப்படுகிறது.

காய்ச்சலுக்கு மட்டும் காத்திருத்தல் கூடாது. கீமோதெரபியால் வெள்ளை அணுக்கள் குறையும். பொதுவாக மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் மிகவும் தாழ்ந்திருக்கும். வெப்பமானி 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், காட்டினால் நள்ளிரவாயினும் புறப்பட்டு வாருங்கள். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியும்வரை பார்க்கலாம் என்று எண்ண வேண்டா. அம்மாத்திரை வெப்பத்தைத் தணிக்குமேயன்றித் தொற்றைத் தீர்க்காது. சிகிச்சைக் கோப்பைக் கையோடு எடுத்து வந்து, அவசரப் பிரிவில் நுழைந்தவுடன் ‘கீமோதெரபி நடக்கிறது’ என்பதை முதலில் சொல்லுங்கள்.