செவ்வாயும் சிவகாசியும்

செவ்வாய்க் கிரகத்தில் மனிதர் குடியேறி வாழக்கூடுமா என்ற பேச்சு இக்காலத்தில் உலகமெங்கும் பலமாக நடந்துவருகிறது. அமெரிக்காவில் பெருந்தனவந்தர்கள் அதற்கென்றே ராக்கெட்டுகள் கட்டுகிறார்கள். சீனர்கள் 2021-ம் வருஷத்தில் அக்கிரகத்தின் தரையில் ஒரு யந்திர வண்டியை இறக்கி ஓட்டியும் விட்டார்கள். இந்தப் பேச்செல்லாம் விருதுநகர் ஜில்லாவில் உள்ளவர்களுக்கு எதற்கு, மிளகாய் வற்றலும் பருப்பும் என்ன விலைக்குப் போகின்றன என்று கவனித்தால் போதாதா என்று நம் நண்பர்களிற் சிலர் கேட்கக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. இந்தியாவில் வேறெந்த ஜில்லாவைக் காட்டிலும் இந்த ஜில்லாவுக்குத்தான் இவ்விஷயத்தில் சொல்லத்தக்க வார்த்தை ஒன்று உண்டு என்பது நமது அபிப்பிராயம். காரணத்தைக் கூறுவோம்.

முதலில், நமது தேசம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்ப்போம். 1963-ம் வருஷம் நவம்பர் 21-ந் தேதி, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்ற செம்படவர் கிராமத்திலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அங்கிருந்த பழைய மாதா கோவில்தான் அப்பொழுது நமது விஞ்ஞானிகளுக்குக் காரியாலயம். ஏறக்குறைய ஐம்பது வருஷம் கழித்து, 2013 நவம்பர் 5-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மங்கள்யான் புறப்பட்டது. 2014 செப்டம்பர் 24-ந் தேதி செவ்வாயைச் சுற்றும் பாதையை அடைந்தது. முதல் முயற்சியிலேயே அவ்வாறு வெற்றி கண்ட முதல் தேசம் நமதே. அதன் திட்ட இயக்குநராயிருந்த ஸ்ரீ சுப்பையா அருணன் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். 2023 ஆகஸ்ட் 23-ந் தேதி சந்திரனின் தென் துருவத்தருகே சந்திரயான் இறங்கியபோது, அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்து ஸ்ரீ வீரமுத்துவேல். மகேந்திரகிரி அடிவாரத்தில் ராக்கெட் யந்திரங்கள் சோதிக்கப்படுகின்றன. குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024-ம் வருஷம் அஸ்திவாரம் இடப்பட்டது. ஆகவே கிரகப் பிரயாணம் என்பது நமக்கு அந்நியர் கதையன்று. நம் வீட்டுப் பிள்ளைகள் பார்க்கும் உத்தியோகம்.

நிற்க. ஒரு கிரகத்துக்குப் போவது வேறு. அங்கே வாழ்வது வேறு. யந்திரத்துக்குப் பசியில்லை, மூச்சில்லை. மனிதனை அனுப்புவதென்றால் சங்கடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. செவ்வாய் மிக நெருங்கி வரும்போதும் ஐந்தரைக் கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. போய்ச்சேர ஆறு மாதத்துக்குமேல் ஆகும். புறப்படுவதற்கு ஏற்ற சமயமோ 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் வாய்க்கும். வழியில் எடையற்ற நிலையில் இருப்பதால் மாதந்தோறும் எலும்பு தேய்ந்துகொண்டே போகும். அங்கிருந்து ஆபத்தென்று ஒரு வார்த்தை சொன்னால், கிரகங்கள் இருக்கும் நிலையைப் பொறுத்து, அது நம் காதில் விழ மூன்று நிமிஷம் முதல் இருபத்திரண்டு நிமிஷம் வரை செல்லும். பதில் போய்ச்சேர மறுபடியும் அவ்வளவு நேரம்.

அங்குள்ள காற்றோ நமது காற்றின் கனத்தில் நூற்றில் ஒரு பங்கே உள்ளது. அதிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு கரியமில வாயு. குளிரின் சராசரி பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரி. பூமியைக் காக்கும் காந்த மண்டலம் போன்ற அரண் அங்கே கிடையாது. பூமியில் ஒருவர்மீது ஒரு வருஷத்தில் சாதாரணமாகப் படும் இயற்கைக் கதிர்வீச்சு, அங்கே நான்கு நாட்களுக்குள் பட்டுவிடும். கிரகம் முழுவதையும் மூடிக்கொள்ளும் புழுதிப் புயல்கள் வேறு உண்டு. பதினான்கு வருஷத்துக்கு மேல் அங்கே உழைத்த ஆப்பர்ச்சூனிட்டி என்ற அமெரிக்க யந்திர வண்டி, 2018-ம் வருஷப் புயலில் சூரிய வெளிச்சம் கிடைக்காமல் ஓய்ந்துபோயிற்று.

இனி, சிவகாசிக்கு வருவோம். 2008-ம் வருஷத்தில் பீனிக்ஸ் என்ற யந்திரம் செவ்வாயின் வடதுருவப் பக்கத்தில் இறங்கி, மண்ணைத் தோண்டி எடுத்துப் பரிசோதித்தது. அந்த மண்ணில் நூற்றுக்கு அரைப் பங்கு அளவில் பெர்குளோரேட் என்ற உப்பு இருக்கக் கண்டது. விஞ்ஞானிகள் வியந்தார்கள். ஆனால் சிவகாசியில் வண்ண வாணங்கள் செய்யும் போர்மேன்களுக்கு அது புதிய பெயரன்று. எரிவதற்கு வேண்டிய பிராண வாயுவைத் தன்னுள் அடக்கிவைத்திருந்து, சூடு பட்டதும் விட்டுக்கொடுக்கும் உப்பு அது. அதனால்தான் அதை வாண மருந்தில் சேர்க்கிறார்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்பும் ராக்கெட்டுகளின் திட எரிபொருளிலும் அந்த உப்பின் ஒரு வகையே அலுமினியத் தூளுடன் கலந்திருக்கிறது. பட்டாசு அறையில் இருப்பதும், ராக்கெட்டை உந்துவதும், செவ்வாயின் மண்ணில் கிடப்பதும் ஒரே குடும்பத்து உப்புத்தான்!

அவ்வுப்பில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. சூடேற்றினால் பிராண வாயு கிடைக்கும் என்பது நன்மை. மனிதன் உடம்பில் போனால், கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அயோடினை ஏற்றுக்கொள்ள விடாமல் தடுக்கும் என்பது தீமை. கர்ப்பிணிகளுக்கும் சிசுக்களுக்கும் அதனால் அபாயம் அதிகம். செவ்வாயில் பயிர் செய்ய விரும்புவோர் முதலில் மண்ணைக் கழுவியாக வேண்டும். கழுவின நீரை எங்கே விடுவது என்றும் யோசிக்க வேண்டும். இந்தக் கேள்வியும் நமக்குத் தூரத்துக் கேள்வியன்று. சிவகாசிப் பட்டாசுத் தொழிற்பிரதேசத்தின் நிலத்தடி நீரில் அதே உப்பு கலந்திருப்பதை 2013-ம் வருஷம் வெளியான ஓர் ஆராய்ச்சி எடுத்துக்காட்டியது. செவ்வாயில் குடியேறுவோருக்காக உலகத்துப் பண்டிதர்கள் கவலைப்படும் விஷம், வெம்பக்கோட்டையிலும் சாத்தூரிலும் குடம் எடுத்துப் போகும் பெண்களின் கிணறுகளில் எவ்வளவு இருக்கிறது என்று வருஷந்தோறும் பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் யார்?

காற்றை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்தில், கண்ணாடியால் மூடிய பெரிய கட்டடம் ஒன்றை அமைத்து, அதற்குள் மண், செடிகொடிகள், கால்நடைகள் எல்லாம் வைத்து, 1991-ம் வருஷம் எட்டுப் பேர் குடிபுகுந்தார்கள். இரண்டு வருஷம் வெளியுலகத்தின் உதவியின்றி வாழ்வது என்பது சங்கற்பம். நடந்தது என்ன? காற்றில் நூற்றுக்கு 21 பங்கு இருக்க வேண்டிய பிராண வாயு, பதினாறு மாதத்துக்குள் சுமார் 14 பங்காகக் குறைந்துவிட்டது. வளமான மண்ணிலிருந்த நுண்ணுயிர்கள் அதை உண்டுவிட்டன. அவை வெளிவிட்ட கரியமில வாயுவைச் செடிகள் திருப்பித் தருமுன் கட்டடத்தின் சிமிண்டு குடித்துவிட்டது. கடைசியில் வெளியிலிருந்து பிராண வாயு கொண்டுவந்து உள்ளே விட நேர்ந்தது. பூமியிலேயே இந்தக் கதி! செவ்வாயில் கரியமில வாயுவிலிருந்து பிராண வாயு எடுக்கும் சிறு கருவி ஒன்று 2021 முதல் 2023 வரை வேலை செய்து மொத்தம் 122 கிராம் உற்பத்தி செய்தது. மகத்தான காரியமே. ஆயினும் ஒரு மனிதன் மூன்றரை மணி நேரம் மூச்சு விடுவதற்கே அது காணும்.

நமது தேசமும் இத்துறையில் சும்மா இருக்கவில்லை. 2025-ம் வருஷத்தில் ஸ்ரீ சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்தில் தங்கிப் பச்சைப்பயறும் வெந்தயமும் முளைக்க வைத்துப் பார்த்தார். அதே வருஷம் ஆகஸ்டில் லடாக்கின் த்ஸோ கர் ஏரிப் பக்கத்தில், குளிரும் மெல்லிய காற்றும் உள்ள இடத்தில், மாதிரி வீடு அமைத்து இருவரைப் பத்து நாள் தங்க வைத்துச் சோதித்தார்கள்.

இவ்வளவையும் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. வேற்றுக் கிரகத்தில் மனிதனைக் காப்பாற்றப் போவது துணிச்சலன்று. தினந்தோறும் தவறாமல் கைக்கொள்ளும் ஒழுங்கு. அந்த ஒழுங்கு இன்னதென்று பட்டாசுத் தொழிலாளிக்குத் தெரியும். வறண்ட காற்றில், உடையின் உராய்வில் பிறக்கும் மின்சாரப் பொறி ஒன்று போதும். ஆகையால் பருத்தி உடுத்த வேண்டும். வாயிலிலுள்ள தாமிரத் தகட்டைத் தொட்டு உடம்பின் மின்சாரத்தைப் பூமிக்கு விட வேண்டும். ஓர் அறையில் நாலு பேருக்குமேல் இருக்கக் கூடாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். கலந்த மருந்தை மிச்சம் வைக்கக் கூடாது. உலர்ந்த புழுதியே நிறைந்த செவ்வாயில் கட்டப்போகும் வீட்டுக்கும் ஏறக்குறைய இவையே விதிகள்.

விதிகள் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் சாட்சி உண்டு. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நாற்பது உயிர்களளவில் போயின. 2021 பிப்ரவரி 12-ந் தேதி அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். விபத்து நேரும்போதெல்லாம் விசாரணையில் வெளிப்படுவது பழைய கதைதான்: நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் அதிகம் பேர், ஒருவர் பெயரில் உரிமம், உள்ளே நடத்துவது வேறொருவர், அளவுக்கு மீறிய மருந்து, மரத்தடியில் வேலை. இது அறியாமையினால் வந்த அழிவன்று. அறிந்ததை அசட்டை செய்ததால் வந்தது. 1967 ஜனவரி 27-ந் தேதி அமெரிக்காவில் அப்பல்லோ கலத்தின் மூன்று வீரர்கள் தரையில் ஒத்திகை பார்க்கும்போதே தீயில் மாண்டார்கள். அவர்களுடைய அறை முழுவதும் சுத்தமான பிராண வாயு நிரப்பியிருந்தது. கதவும் சட்டென்று திறக்கக்கூடியதாயில்லை. அமெரிக்கர்கள் மேலே பறப்பதை நிறுத்தினார்கள், கலத்தைத் திருத்தினார்கள், இருபது மாதங்களுக்குப் பிறகே மனிதரை அனுப்பினார்கள். நமது ஜில்லாவில் ஒவ்வொரு விபத்துக்கும் பின் நஷ்டஈட்டுத் தொகை அறிவிக்கப்படுகிறது. திருத்தம் எங்கே?

இன்னொரு விஷயம். "குடியேற்றம்" என்ற சொல்லைக் கேட்டதும் தமிழனுடைய நெஞ்சில் ஒரு நடுக்கம் உண்டாவது இயல்பு. பிஜியிலும் நேட்டாலிலும் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள் நம்மவர்கள். 1917-ல் அம்முறை நிறுத்தப்படும் வரை அவர்கள் பட்டது கொஞ்சமல்ல. இலங்கையில் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியவர்களை 1948-ம் வருஷச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. தோட்டத்துக் கூலிக்கு அரிசியும் லயமும் துரையின் கையில் இருந்தன. செவ்வாயில் வேலைக்குப் போகிறவனுக்கோ மூச்சே எஜமானன் கையில் இருக்கும்! வேலைநிறுத்தம் செய்து வெளியே வந்து நிற்க அங்கே வெளியென்று ஓர் இடம் இல்லை. வான மண்டலத்தை எந்த ராஜ்யமும் தன் சொத்தென்று கொண்டாடலாகாது என 1967-ம் வருஷத்து சர்வதேச உடன்படிக்கை கூறுகிறது. இந்தியாவும் அதற்கு உட்பட்டிருக்கிறது. ஆனால் அங்கே உழைப்பவனுடைய கூலி, நேரம், பாதுகாப்பு, திரும்பி வரும் உரிமை ஆகியவற்றைப் பற்றி அதில் விதியில்லை. அடிமைத்தனத்தின் சுவையறிந்த தேசங்கள் அவ்விதிகளை எழுதும்படி இப்போதே வற்புறுத்த வேண்டும். அந்த வேலையில் இந்தியா முன்னிற்பது பொருத்தம்.

இதனால் கிரக ஆராய்ச்சிக்குச் செலவிடும் பணம் வீண் என்று நாம் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். ஏழை நாட்டுக்கு விஞ்ஞானம் எதற்கு என்பது நம்மை அடிமைகளாக வைத்திருந்தவர்களின் வாதம். நாம் கேட்பது அதற்கு நேர்மாறானது: அந்த விஞ்ஞானம் முழுவதும் இங்கேயும் வரட்டும் என்கிறோம். மண்ணிலிருந்து பெர்குளோரேட்டை நீக்கும் முறை கண்டால், அது முதலில் சிவகாசிக் கிணற்றில் பிரயோகமாகட்டும். மனிதன் கைபடாமல் ராக்கெட் எரிபொருளைக் கலக்கத் தெரிந்த தேசம், வாண மருந்தைக் கலக்கும் யந்திரத்தைச் சிறு தொழிற்சாலைகளுக்கும் எட்டும் விலையில் செய்து கொடுக்கட்டும். சர்க்கார் அதிகாரிகள் விதிகளைக் காகிதத்தில் வைக்காமல் அறை வாயிலில் நின்று நிறைவேற்றட்டும். தொழிலாளர் சங்கங்களும் கூலியோடு நில்லாமல் நாலு பேர் விதிக்காகவும் போராடட்டும்.

1922-ம் வருஷத்தில் சிவகாசியிலிருந்து ஸ்ரீ ஐய நாடாரும் ஸ்ரீ சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். மழையில்லாத பூமியில் அது ஆயிரமாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. விருதுநகர் தந்த காமராஜர் பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு போட்டார். அப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று ராக்கெட் விடுகிறார்கள். வறட்சியை வென்று வாழ்வது எப்படியென்று உலகத்துக்குக் காட்டிய ஜில்லா இது. ஓர் அறையில் நாலு பேரைச் சாயங்காலம் உயிரோடு வீட்டுக்கு அனுப்பத் தெரிந்த தேசமே, நாலு பேரைச் செவ்வாய்க்கு அனுப்பித் திரும்ப அழைத்துக்கொள்ளவும் தகுதியுடையது. அந்தத் தகுதியைச் சிவகாசியில் சம்பாதித்துக்கொண்டு, பிறகு வானத்தை நோக்கிப் புறப்படுவோமாக.